தற்செயல் என்று பெயர் வைத்த கிருமி

"ஏம்மா, ஆபரேஷன் பண்ண வயித்தோட கொளத்துல போயி வுழுந்தியா?"

டாக்டர் எங்க அண்ணியைக் கேட்ட முதல் கேள்வி இதுதான். அண்ணி பதில் சொல்லவில்லை. எங்கள் காலனிக்குக் குளம் கிடையாது. குளம் ஊருக்கு இருக்கிறது. அதில் எங்களை இறங்க விடுவதில்லை. இறங்கவே விடாத குளத்துத் தண்ணியால்தான் எங்க அண்ணிக்குச் சீழ் பிடித்தது என்று ஆஸ்பத்திரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். பக்கத்தில் நின்ற நர்ஸ் தன் பங்குக்கு ஒன்று சேர்த்தார்: "நீங்கள்லாம் சொன்னா எங்க கேக்கறீங்க, சுத்தமா இருக்கணும்னு."

அந்த 'நீங்கள்லாம்' என்கிற சொல்லை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறோம், தாலுக்கா ஆபீசில் கேட்டிருக்கிறோம், போலீஸ் ஸ்டேஷனில் கேட்டிருக்கிறோம். ஆஸ்பத்திரியில் அது வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நடந்தது 2012-ல். எங்கள் பக்கத்து அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். தொப்புளில் சின்னதாக ஓட்டை போட்டு, வயிற்றுக்குள் காற்றடித்து, குழாய் விட்டுச் செய்கிற லேப்ராஸ்கோபி. அன்றைக்குக் காலையில் வரிசையில் உட்கார வைக்கப்பட்டவர்கள் 19 பெண்கள். சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்துவிட்டது. மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தையல் நன்றாகக் காய்ந்து, அண்ணி நடவுக்குக்கூடப் போய்வந்துவிட்டார். இருபத்தைந்து நாள் கழித்துத் தொப்புளுக்குக் கீழே வேர்க்கடலை அளவுக்கு ஒரு கட்டி. வலி. பிறகு அது உடைந்து, தண்ணி மாதிரி வெள்ளைச் சீழ்.

மாத்திரை கொடுத்தார்கள், நிற்கவில்லை. கீறிவிட்டார்கள். மூடியது, பக்கத்தில் இன்னொரு வாய் வைத்தது. திரும்பக் கீறினார்கள். சீழை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். 'கிருமி எதுவும் வளரவில்லை' என்று சீட்டு வந்தது. சீழ் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. சீட்டு மட்டும் சுத்தமாக இருந்தது. அப்புறம் வேறொரு டாக்டர் சீழில் காசநோய்க் கிருமி மாதிரி தெரிகிறது என்று காசநோய் மாத்திரை எழுதினார். மூத்திரம் செக்கச்செவேல் என்று போனது. 'அவளுக்கு டி.பி.யாம்' என்று ஊருக்குள் பேச்சுப் பரவியது. ஏற்கெனவே எங்களுக்குத் தனி டம்ளர். இப்போது வேலைக்கே வராதே என்று சொல்லிவிட்டார்கள். ஐந்து மாதம் மாத்திரை தின்றும் புண் ஆறவில்லை.

கடைசியில் நகரத்துப் பெரியாஸ்பத்திரி ஒன்றில், கிருமியியல் துறையில் இருந்த ஓர் இளம் டாக்டரம்மா ஒரு சின்னக் காரியம் செய்தார். சீழைத் தடவிய தட்டை இரண்டாம் நாள் தூக்கிப் போடாமல் ஒரு வாரம் வைத்துப் பார்த்தார். ஐந்தாம் நாள் வளர்ந்திருந்தது. பெயர்: மைக்கோபாக்டீரியம் ஃபார்ச்சூட்டம்.

உடனே பெரிய டாக்டர்கள் எல்லாம் வந்து பார்த்தார்கள். "என் வயித்தப் படம் புடிச்சாங்க தம்பி, நாலு பேரு" என்றார் அண்ணி. ஏன் என்று கேட்டதற்கு ஒரு மாணவர் சொன்னாராம்: "இது ரொம்ப அரிதும்மா. கருத்தரங்கில காட்டணும்."

அந்த 'அரிது' என்கிற சொல்லோடுதான் இந்தக் கட்டுரையில் எனக்குச் சண்டை.

*

முதலில் இந்தக் கிருமி யார் என்று பார்த்துவிடுவோம். காசநோய்க் கிருமிக்கும் தொழுநோய்க் கிருமிக்கும் இது பங்காளி. ஆனால் அவற்றைப் போல மனிதரிடமிருந்து மனிதருக்குத் தாவிப் பிழைக்கிற கிருமி இல்லை. மண்ணில் இருக்கும், தண்ணியில் இருக்கும், குழாயின் உட்புறத்தில் பிடிக்கிற வழவழப்பில் இருக்கும். அதன் மேல்தோல் மெழுகு மாதிரி. தண்ணியில் போடுகிற குளோரினுக்கு அவ்வளவு சீக்கிரம் சாகாது. நாம் அதைத் தினமும் குடிக்கிறோம், குளிக்கிறோம்; பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. கத்தியோ ஊசியோ குழாயோ அதைத் தோலுக்கு அடியில் கொண்டுபோய் விட்டால்தான் வேலையைக் காட்டும். அதுவும் உடனே இல்லை, பல நாள், பல வாரம் கழித்து. அதற்குள் நோயாளி வீட்டுக்குப் போயிருப்பார், பழி சொல்வதற்கு வீட்டுத் தண்ணி கிடைத்துவிடும்.

காசநோய்க் கிருமி தட்டில் வளர வாரக்கணக்கில் ஆகும். இது ஒரு வாரத்துக்குள் வளர்ந்துவிடும். ஆனால் சாதாரணச் சீழ்த் தட்டை 48 மணி நேரத்தில் பார்த்துவிட்டுத் தூக்கிப் போடுவது வழக்கம். இரண்டு நாளில் குப்பைக்குப் போகிற தட்டில் ஐந்து நாளில் வளர்கிற கிருமி எப்படி அகப்படும்? காசநோய்க்கு முதலில் கொடுக்கிற ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் போன்ற மருந்துகள் இதைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. கிளாரித்ரோமைசின், அமிக்காசின் மாதிரி வேறு மருந்துகளை, சோதித்துப் பார்த்து, மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும். கெட்டுப்போன சதையை வெட்டி எடுக்க வேண்டும். அண்ணிக்கு அப்படித்தான் வெட்டினார்கள். மருந்தை வெளியே வாங்கச் சொன்னார்கள். தோடு அடகுக்குப் போனது, ஆறு மாதம் ஆனது.

1938-ல் பிரேசிலில் டா கோஸ்டா க்ரூஸ் என்ற ஆய்வாளர் இதற்கு ஃபார்ச்சூட்டம் என்று பெயர் வைத்தார். இலத்தீனில் அதற்குத் 'தற்செயலானது' என்று அர்த்தம். அவர் வைத்த பெயரில் தப்பில்லை. ஆனால் எங்க அண்ணி வயிற்றுக்குள் அது போனதில் தற்செயல் எதுவும் இல்லை.

போன வழியைச் சொல்கிறேன். வயிற்றைத் துளைக்கிற குழாய்க்கும் கருவிக்கும் இணைப்புகள், மடிப்புகள், உறைகள் உண்டு. அந்த இடுக்குகளில் ரத்தமும் சதையும் ஒட்டும். ஒவ்வொரு ஆபரேஷனுக்குப் பிறகும் அதைக் கழற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஆட்டோகிளேவில் 121 டிகிரி நீராவியில் வேக வைக்க வேண்டும். சூடு தாங்காது என்று சொல்லப்பட்ட குழாய்களை 2 சதவீதக் குளூட்டரால்டிஹைடு மருந்தில் ஊற வைப்பார்கள். அதில் 20 நிமிடம் ஊறினால் பெரும்பாலான கிருமி சாகும். கிருமியே இல்லாமல் ஆக்க 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். வெளியே எடுத்தபின் கிருமி நீக்கிய தண்ணியில்தான் அலச வேண்டும். குழாய்த் தண்ணியில் அலசினால்? ஊற வைத்ததெல்லாம் வீண். கிருமியே குழாய்த் தண்ணியில்தானே குடியிருக்கிறது!

இதைப் புத்தகத்தில் படித்துவிட்டு, கருவி கழுவுகிற வேலை பார்த்த ஓர் அக்காவிடம் போய்க் கேட்டேன். எந்த ஆஸ்பத்திரி என்று எழுத மாட்டேன். எழுதினால் முதலில் வேலை போவது அவருக்குத்தான். அருந்ததியர். காண்டிராக்டில் துப்புரவு வேலைக்கு எடுத்தார்கள், தியேட்டரில் ஆள் இல்லை என்று கருவி கழுவ நிறுத்திவிட்டார்கள். யாரும் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர் சொன்னது:

"இருவது நிமிசமா? யாரு தம்பி வுடுவாங்க? அஞ்சு நிமிசத்துல 'எடு எடு'ன்னு சத்தம் போடுவாங்க. வெளிய பொம்பளைங்க வரிசையில ஒக்காந்துகினு இருப்பாங்க. எடுத்துக் கொழாய்ல அலசிக் குடுத்துடுவேன். அந்த மருந்துல கண்ணு எரியும், மூச்சு முட்டும். கையில போட ஒறை கேட்டா, இருக்கறதப் போட்டுக்கோம்பாங்க."

ஏதாவது நடந்தால் யார் மேல் பழி வரும் என்று கேட்டேன். சிரித்தார். "கழுவனவ மேலதான். இல்லன்னா படுத்துக் கெடந்தவ மேல."

ஆக, கழுவியவள் நம்மவள், படுத்திருந்தவளும் நம்மவள். நடுவில் 'சீக்கிரம்' என்று உத்தரவு போட்டவர் கை மட்டும் எந்தச் சீட்டிலும் பதிவாவதில்லை.

*

இது ஓர் ஆஸ்பத்திரியின் கதை என்று யாராவது நினைத்தால் அவர்களுக்காக ஒரு கணக்கு.

2014 நவம்பர் 8. சத்தீஸ்கர் மாநிலம், பிலாஸ்பூர் பக்கம், மூடிக் கிடந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக் கட்டடம். ஒரே டாக்டர், ஒரே லேப்ராஸ்கோப், சில மணி நேரம், 83 பெண்கள். கூலிக்காரப் பெண்கள், தலித், ஆதிவாசி, பிற்பட்ட சாதிப் பெண்கள். கைக்கு 600 ரூபாய். அந்த முகாமிலும் அடுத்து அதே மாவட்டத்தில் நடந்த முகாமிலும் சேர்த்துச் சில நாட்களுக்குள் பத்துப் பேருக்கு மேல் செத்துப் போனார்கள். ஆயிரக்கணக்கில் ஆபரேஷன் செய்தார் என்று அரசாங்கமே பாராட்டிய டாக்டர் அவர். மத்திய சுகாதார அமைச்சகத்தின் சொந்த விதிப்படியே ஒரு நாளைக்கு 30 லேப்ராஸ்கோபிக்கு மேல் கூடாது. அதற்கும் மூன்று கருவிகளாவது வேண்டும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். ஒரே கருவியை ஒவ்வொரு பெண்ணுக்குப் பிறகும் 20 நிமிடம் ஊற வைத்தால், 83 பேருக்கு ஊற வைக்க மட்டும் 1660 நிமிடம். அதாவது 27 மணி 40 நிமிடம். முகாமோ சில மணி நேரத்தில் முடிந்துவிட்டது. மீதி நேரம் எங்கே போனது?

அங்கே கொன்றது அண்ணிக்கு வந்த கிருமி என்று நான் சொல்ல வரவில்லை. மாத்திரையில் எலி மருந்து கலந்திருந்தது என்று அரசாங்கம் சொன்னது. ரத்தத்தில் கிருமி ஏறித்தான் செத்தார்கள் என்று பிணங்களைச் சோதித்த மருத்துவர்கள் தரப்பிலிருந்து வந்தது. அந்த வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். சாவு எதனால் வந்தாலும் இந்தக் கணக்கு பொய்யாகாது. இந்தக் கணக்கில் எந்தக் கிருமி வேண்டுமானாலும் உள்ளே போகலாம். எது போனது என்பதுதான் தற்செயல்.

2012 ஜனவரியில் பீகார் மாநிலம் அராரியா மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில், இரவு நேரத்தில், டார்ச் வெளிச்சத்தில், இரண்டு மணி நேரத்தில் 53 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார்கள். மேசை, பள்ளிக்கூட மேசை. 2014-ல், பிலாஸ்பூர் சாவுகளின் ஈரம் காயும் முன்பே, ஒடிசாவில் அங்குல் மாவட்டத்துப் பனர்பாலில் பெண்களின் வயிற்றுக்குள் காற்றடிக்கச் சைக்கிள் பம்பை எடுத்தார் ஒரு டாக்டர். சைக்கிள் பம்பு! நம் பெண்களின் வயிறு இவர்களுக்கு டியூப். அராரியா வழக்கில் 2016 செப்டம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம், இந்த முகாம்களை மூன்று ஆண்டுக்குள் முடிவுக்குக் கொண்டுவாருங்கள் என்று சொல்ல வேண்டி வந்தது. 2005-லேயே அதே நீதிமன்றம் இன்னொரு வழக்கில் விதிகளை ஒழுங்காகக் கடைப்பிடிக்கச் சொல்லியிருந்தது. 2005-ல் சொன்னதைக் கேட்டிருந்தால் 2014-ல் பிணங்கள் வந்திருக்காது.

இங்கிலீஷில் கருவியைக் கிருமி இல்லாமல் ஆக்குவதற்கும் ஸ்டெரிலைசேஷன் என்றுதான் பெயர். பெண்ணைக் கரு இல்லாமல் ஆக்குவதற்கும் அதே ஸ்டெரிலைசேஷன்தான். முதலாவதைச் செய்ய நேரமில்லை என்றார்கள். இரண்டாவதற்கு இலக்கு வைத்தார்கள். 1996-ல் இலக்கு முறையை எடுத்துவிட்டோம் என்று மத்திய அரசு அறிவித்தது. பெயர் மாறியது. நர்ஸம்மாக்களைக் கேட்டுப் பாருங்கள், மார்ச் மாதம் வந்தால் மேலிடத்திலிருந்து எண்ணிக்கை கேட்டுப் போன் வருகிறதா இல்லையா என்று.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், நம் ஆம்பளைகளுக்கு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களுக்குச் செய்தது 0.1 சதவீதம். ஆண்களுக்குச் செய்வது சின்ன வேலை, வயிற்றைத் துளைக்க வேண்டியதில்லை. எங்க அண்ணன் போயிருந்தால் அண்ணிக்கு இந்தப் புண் வந்திருக்காது. 'ஆம்பள கஷ்டமான வேல செய்றவன்' என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தன். நடவு நட்டுவிட்டு வந்தவள் என்ன, ஊஞ்சல் ஆடிவிட்டா வந்தாள்? சாதிக்காரனிடம் கணக்குக் கேட்கிற நாம் இந்தக் கணக்கையும் எழுதி வைக்க வேண்டும்.

*

இனி 'சுத்தம்' என்கிற சொல்லுக்கு வருகிறேன்.

இந்த நாட்டைப் போலச் சுத்தத்தைப் பற்றி ஓயாமல் பேசுகிற நாடு கிடையாது. தொட்டால் தீட்டு, பார்த்தால் தீட்டு, நிழல் பட்டால் தீட்டு. அப்படிப்பட்ட நாட்டில் ஆபரேஷன் கருவி மட்டும் ஏன் அழுக்காக இருக்கிறது? முரண்பாடு மாதிரித் தெரியும். முரண்பாடே இல்லை. தீட்டுக்கும் கிருமிக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது என்பதுதான் விஷயம்.

1927 மார்ச் 20 அன்று மகாடில் அம்பேத்கர் தலைமையில் நம் மக்கள் சவ்தார் குளத்துத் தண்ணியை அள்ளிக் குடித்தார்கள். அடித்து உதைத்தார்கள். பிறகு குளம் தீட்டாகிவிட்டது என்று சாணியும் மாட்டு மூத்திரமும் பாலும் தயிரும் கலந்து 108 குடம் ஊற்றி மந்திரம் சொல்லிச் 'சுத்தம்' செய்தார்கள். மனிதர் தொட்ட தண்ணி அழுக்கு, சாணி கரைத்த தண்ணி சுத்தம்! இந்த மூளையோடு மருத்துவக் கல்லூரிக்குப் போனால், கிருமியியலில் பாஸ் மார்க் வாங்கலாம். அழுக்கு எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரியாது. அழுக்கு எப்போதும் கீழே படுத்திருப்பவரிடம்தான் இருக்கும், மேலே நிற்பவரிடம் இருக்கவே இருக்காது என்று அது நம்பும்.

இந்த வியாதி நம் நாட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. வியன்னாவில் 1847-ல் செம்மல்வைஸ் என்ற டாக்டர் ஒன்றைக் கவனித்தார். பிணம் அறுத்துவிட்டு நேராகப் பிரசவம் பார்க்க வருகிற டாக்டர்களின் வார்டில் தாய்மார்கள் அதிகம் செத்தார்கள்; மருத்துவச்சிகளின் வார்டில் சாவு குறைவு. குளோரின் கலந்த தண்ணியில் டாக்டர்களைக் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 என்றிருந்த சாவு ஜூனில் 2-க்குப் பக்கம் இறங்கியது. ஏற்றுக்கொண்டார்களா? பலர் எதிர்த்தார்கள். அமெரிக்காவில் பிரசவ மருத்துவப் பேராசிரியர் மெய்க்ஸ், டாக்டர்கள் கனவான்கள், கனவான்களின் கை சுத்தமானது என்கிற பொருளில் வாதாடினார். செம்மல்வைஸ் 1865-ல் மனநோய் விடுதியில், காயத்தில் சீழ் பிடித்தே செத்தார்.

கனவான் கை என்று அங்கே சொன்னதை இங்கே பிறப்பு என்று சொல்கிறோம். அங்கே அது பணக்காரத் திமிர். பிற்பாடு பாஸ்டரும் லிஸ்டரும் வந்து உடைத்தார்கள். இங்கே அது சாஸ்திரம். அதனால் நுண்ணோக்கியைக் காட்டினாலும் உடையமாட்டேன் என்கிறது. 'குளத்துல வுழுந்தியா' என்று கேட்டவர் எந்தச் சாதி என்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். கேள்வியின் சாதி எனக்குத் தெரியும்.

*

இப்போது 'அரிது'.

அண்ணிக்குக் கிருமியின் பெயர் தெரிந்தபின் நானும் இரண்டு நண்பர்களும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். அதே நாளில் வரிசையில் உட்கார்ந்த 19 பேரில் பதினொரு பேரைக் கண்டுபிடித்தோம். அதில் இன்னும் மூன்று பேருக்குத் தொப்புளில் அதே மாதிரிப் புண். ஒருத்தர் நாட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருத்தர் மாமியார் வீட்டார் 'சாமி குத்தம்' என்று மஞ்சள் அப்பிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் காசநோய் மாத்திரையில் இருந்தார். ஆக, அண்ணியோடு நான்கு பேர். ஒரே நாள், ஒரே மேசை, ஒரே குழாய். இதற்கு மருத்துவத்தில் தொற்றுப் பரவல் என்று பெயர். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் எத்தனை? பூஜ்யம். கருத்தரங்கில் எத்தனை? ஒன்று. 'அரிய நோயாளி' ஒருவர்!

தேடாததால் அகப்படவில்லை, அகப்படாததால் அரிது, அரிது என்பதால் தேட வேண்டியதில்லை. வட்டம் எவ்வளவு அழகாகச் சுற்றுகிறது பாருங்கள். நமக்கு இது புதுசா? மலக்குழியில் மூச்சு முட்டிச் சாகிற நம் பிள்ளைகளைப் பற்றி 2021 ஜூலையில் நாடாளுமன்றத்தில் கேட்டபோது, கையால் மலம் அள்ளுவதால் எந்தச் சாவும் பதிவாகவில்லை என்று மந்திரி பதில் சொன்னார். 'பதிவாகவில்லை' என்பது என்ன அழகான சொல்! செத்தவன் சாகவில்லை என்று அர்த்தமில்லை. எழுதுகிறவன் எழுதவில்லை என்று அர்த்தம்.

எழுதினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. பிரேசிலில், ரியோ டி ஜெனிரோ மாநிலத்தில் 2006 ஆகஸ்டு முதல் 2007 ஜூலைக்குள் லேப்ராஸ்கோபி மாதிரி ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடம் இதே குடும்பத்துக் கிருமியால் சந்தேகப்பட்ட 1051 பேரைக் கணக்கில் எடுத்தார்கள். 63 ஆஸ்பத்திரிகள். ஊற வைக்கிற 2 சதவீதக் குளூட்டரால்டிஹைடு மருந்தையே அந்தக் கிருமி தாங்கிக்கொள்கிறது என்று கண்டுபிடித்தார்கள். 2009-ல் அந்த நாட்டு அரசு, இப்படிப்பட்ட கருவிகளை மருந்தில் ஊற வைத்துக் கிருமி நீக்கும் முறையையே நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டது. சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் இதய ஆபரேஷன் செய்துகொண்ட இரண்டு பேருக்கு இன்னொரு பங்காளிக் கிருமி வந்தது. இரண்டே பேர். அதைத் தொடர்ந்து போய், ஆபரேஷன் அறையில் ரத்தத்தைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் வைத்திருந்த இயந்திரத்தின் தண்ணித் தொட்டியைப் பிடித்தார்கள். கிருமியின் மரபணுவை ஒப்பிட்டு, ஜெர்மனியில் அந்த இயந்திரம் செய்த தொழிற்சாலை வரைக்கும் போனார்கள். பல நாடுகளில் நூறு பேருக்கு மேல் இருப்பது தெரிந்தது. இரண்டு பேர் அங்கே விசாரணை தொடங்கப் போதும். இங்கே நான்கு பேர் ஒரு சீட்டு எழுதக்கூடப் போதவில்லை.

*

இதைப் படிக்கிற சில நண்பர்கள், 'அரசு ஆஸ்பத்திரியைத் திட்டித் தனியார்காரனுக்கு ஆள் பிடிக்கிறாயா' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தனியார் ஆஸ்பத்திரியில் பித்தப்பைக்கும் குடலிறக்கத்துக்கும் லேப்ராஸ்கோபி செய்துகொண்டவர்களுக்கும் இந்தக் கிருமி வந்ததாக இந்திய மருத்துவ இதழ்களிலேயே எழுதியிருக்கிறார்கள். காசு கொடுத்தால் கிருமி விலகிவிடாது. அரசு ஆஸ்பத்திரி நம் வரிப்பணம், நம் உரிமை. நமக்கு வேறு ஆஸ்பத்திரி கிடையாது. அதை விட்டுவிட்டு ஓடச் சொல்லவில்லை. அதற்குள் போய்க் கணக்குக் கேட்கச் சொல்கிறேன். அண்ணியின் தட்டை ஒரு வாரம் வைத்துப் பார்த்த அந்த டாக்டரம்மாவும் அரசு ஆஸ்பத்திரிதான். ஒரு தட்டைக் குப்பையில் போடாமல் வைத்ததால் ஒரு பெண் பிழைத்தாள். அது கருணை இல்லை, வேலை. அந்த வேலையைத்தான் எல்லோரிடமும் கேட்கிறோம்.

என்ன கேட்பது? ஆபரேஷனுக்கு முன்னால்: இன்றைக்கு எத்தனை பேர், எத்தனை கருவி? கருவியை ஆட்டோகிளேவில் வைத்தீர்களா, மருந்தில் ஊற வைத்தீர்களா, எத்தனை நிமிடம், எந்தத் தண்ணியில் அலசினீர்கள்? எந்தக் கருவி யாருக்குப் பயன்பட்டது என்று வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் எழுதுங்கள். ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் கழித்துக் கட்டி வந்தால்: சீழை எடுத்து ஒரு வாரம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்; காசநோய் மாத்திரை எழுதுமுன் எந்தக் கிருமி என்று கேளுங்கள். அதே நாளில் ஆபரேஷன் செய்துகொண்ட மற்றவர்களைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கருவி கழுவுகிறவருக்குப் பயிற்சி, கையுறை, நிரந்தர வேலை கொடுக்கச் சொல்லுங்கள். அவர் 'இன்னும் பதினைந்து நிமிடம் ஊறணும் டாக்டர்' என்று சொன்னால் டாக்டர் காத்திருக்க வேண்டும். காண்டிராக்டில் இருக்கிற அருந்ததியப் பெண் அப்படிச் சொல்லிவிட்டு மறுநாளும் வேலைக்கு வர முடிகிற நாளில்தான் அந்தத் தியேட்டர் சுத்தமாகும்.

மாணவர்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். எழுத்தாளர்கள் அந்தப் பதினொரு பேரைத் தேடிப் போனதுபோலப் போய், கண்டதை எழுதுங்கள். அவர்கள் எண்ணமாட்டார்கள். நாம்தான் எண்ண வேண்டும்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அண்ணி கேட்டார், "அந்தக் கிருமிக்கு இன்னா பேரு சொன்ன தம்பி?" சொன்னேன். பெயருக்கு அர்த்தம் தற்செயல் என்றும் சொன்னேன். தொப்புளுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு இருக்கிற தழும்பின் மேல் புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு அவர் சொன்னது இது:

"தற்செயலா வந்ததுன்னா, அன்னைக்கு அந்த வரிசையில ஏன் ஊர்க்காரப் பொம்பள ஒருத்திகூட ஒக்காரல?"

பதில் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.